சண்டை போட்டு வாங்கிய பிரசாதம்

என் வீட்டுக்காரர் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார். வாயில் புற்றுநோய் இருந்தது, உண்மைதான். ஆனால் அவரை முதலில் கொல்லப் பார்த்தது பட்டினி. அதை விரதம் என்றார்கள், பத்தியம் என்றார்கள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அம்மனை நம்பும் உங்களுக்கு முன்னால் இதைச் சொல்ல எனக்குப் பயமில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் ஊர் தளிக்கும் ஜவளகிரிக்கும் நடுவில் இருக்கிறது. இந்தப் பக்கமெல்லாம் சேலம் ஜில்லாவில் இருந்த காலம் அது. அரிசிக்கு ரேஷன். எங்களுக்குக் கேழ்வரகு நிலம் கொஞ்சம் இருந்தது, ஒரு எருமை இருந்தது, நாலைந்து கோழி இருந்தது. வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். இல்லாமல் பட்டினி கிடப்பது வேறு. எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுக் கிடப்பது வேறு.

அவர் வெற்றிலை புகையிலை போடுகிறவர். தூங்கும்போதும் கன்னத்தில் ஒரு உருண்டை அடக்கி வைத்திருப்பார். அந்த இடத்தில்தான் புண் வந்தது. ஆறவே இல்லை. அவருடைய அண்ணன், எங்கள் வீட்டுக்குப் பெரியவர், நாட்டு வைத்தியரைக் கூட்டிவந்தார். பால் ஆகாது, முட்டை ஆகாது, கடலை ஆகாது, கறி ஆகவே ஆகாது, எல்லாம் சீழ் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு வைத்தியர் போய்விட்டார். அது போதாதென்று இவர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். புண் ஆறும்வரை ஒரு பொழுதுதான் சாப்பிடுவாராம். அதுவும் உப்பில்லாத களியாம்.

வாயில் புண் உள்ள மனுஷன் உப்பில்லாத களியை எத்தனை வாய் விழுங்குவார்? இரண்டு உருண்டையோடு கையைக் கழுவிவிடுவார். மாசி மாதம் தொடங்கும்போது அவருடைய தோள்பட்டை எலும்பில் துண்டைத் தொங்கவிடலாம் போல இருந்தது.

நான் அழுது அடம்பிடித்துத்தான் பெங்களூருக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். புற்றுநோய்தான், இன்னும் எலும்பில் இறங்கவில்லை, வெட்டி எடுக்கலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்து, இவருடைய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார், வீட்டில் இவருக்குச் சோறு போடுகிறீர்களா இல்லையா என்று.

எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசிவிட்டது.

இந்த உடம்பில் கத்தி வைத்தால் தையல் ஒட்டாது, புண் ஆறாது, மேசையிலேயே போய்விடுவார் என்றார். பாலும் முட்டையும் கஞ்சியும் கொடுத்து ஒரு மாதம் தேற்ற வேண்டும், அதற்கு மேல் தள்ளினால் நோய் தாடைக்குள் இறங்கிவிடும், இங்கேயே சேருங்கள், நாங்களே தேற்றுகிறோம் என்றார். இவர் எழுந்து வெளியே போய்விட்டார். வார்டில் சேர்ந்தால் விரதம் கெட்டுப்போகுமாம்.

யோசித்துப் பாருங்கள். சாப்பிட்டால்தான் ஆபரேஷன். ஆபரேஷன் செய்தால்தான் புண் ஆறும். புண் ஆறினால்தான் சாப்பிடுவார். இந்தக் கூத்தை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது?

ஊருக்கு வந்ததும் முட்டையைப் பாலில் அடித்துக் கஞ்சியில் கலந்து நீட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டார். காலில் விழுந்தேன். அதற்குள் பெரியவர் வந்துவிட்டார்.

"ஏம்மா, வேண்டுதல்ல கை வெக்கிறியே, குடும்பம் வெளங்குமா? அம்மா கண்ணத் தொறந்தா புண்ணு தானா ஆறிடும்."

"மாமா, அவரு கண்ண மூடறதுக்குள்ள அவ தொறக்கணுமே," என்றேன்.

பொம்பளைக்கு இந்த வாய் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுத்தான் படுத்திருப்பார்.

நாலு நாள் அப்படியே போனது. இராப்பகலாக அம்மனை வேண்டினேன். முதலில் கெஞ்சினேன். பிறகு கெஞ்சவும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நான் நீட்டிய கஞ்சியை அவர் தள்ளிவிட்டபோது எனக்குள் என்னவோ அறுந்துபோனது. சட்டியைத் தூக்கிக்கொண்டு தலைமுடியைக்கூட முடியாமல் கோயிலுக்கு நடந்தேன். அம்மன் முன்னால் நங்கென்று வைத்தேன்.

"இந்தா, நீயே குடி. உனக்குன்னுதானே அந்த மனுசன் வயித்தக் காயப்போட்டுக்கினு கெடக்குது. அது குடிக்க மாட்டேங்குது. நீ குடி. ஒரு மனுசன பட்டினி போட்டு உனக்கு என்னாத்த கெடைக்கப்போவுது? நீ பெத்தவதானே? எந்தப் பெத்தவ புள்ளையோட சோத்தப் புடுங்குவா? பதில் சொல்லு. சொல்லலைன்னா இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். பூசாரி மாதப்பா அபிஷேகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குடத்தை இறக்கி வைத்தார். கற்பூரம் ஏற்றிச் சட்டிக்குக் காட்டினார். விளிம்பில் குங்குமம் வைத்தார்.

"அம்மா முன்னாடி கொண்டாந்து வெச்சுட்ட. அவளக் குடிக்கவும் சொல்லிட்ட. இனிமே இது உன் வூட்டுக் கஞ்சி இல்லம்மா, பிரசாதம். எடுத்துக்கினு போய்க் குடு. பிரசாதம் விரதத்துல சேராது."

"முட்டை கலந்திருக்குதுங்க," என்றேன்.

"கோழியே வாங்கிக்கிறவளுக்கு முட்டை ஆவாதா?"

சட்டியைக் கையில் எடுத்தேன். நான் திட்டத்தான் போனேன், படைக்கப் போகவில்லை. என் வசவையே அவள் படையலாக எடுத்துக்கொண்டாள். இதை நான் வேறு எப்படிச் சொல்வேன்?

மாதப்பா என்னோடு வீடுவரை வந்தார். சட்டியில் குங்குமத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். வாழ்நாளில் பிரசாதம் வேண்டாம் என்று சொன்னதே இல்லை அவர். புண் இல்லாத பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தார். பெரியவர் வாசலில் வந்து கத்தினார்.

"அம்மா குடுத்தத வேணாம்னு சொல்ல நீங்க யாருங்க?" என்று மாதப்பா கேட்டார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து வேளாவேளைக்குக் கோயிலுக்கு நடந்தேன். முட்டைப் பால், கடலை அரைத்துக் கரைத்த கூழ், உப்புப் போட்ட கேழ்வரகுக் கஞ்சி, கோழிச் சாறு, எல்லாம் அவள் முன்னால் போய்த்தான் அவர் வயிற்றுக்குள் போனது. மாதப்பா ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. கன்னத்தில் சதை வந்தது. எழுந்து நடந்தார். மாதம் முடிந்து பெங்களூருக்குப் போனோம். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து, இப்போது செய்யலாம் என்றார்.

செய்தார்கள். தையல் ஒட்டியது. புண் ஆறியது. முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். புகையிலையைத் தொடுவதில்லை. மனுஷர் வயலில் நிற்கிறார். பெரியவர் இதுவரை நான் செய்தது சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம் தீரவில்லை. தீர்த்துவை என்று அம்மனிடம் கேட்டதும் இல்லை.

முன்பெல்லாம் பயந்து கும்பிட்டேன். இப்போது உரிமையோடு கும்பிடுகிறேன். நோயாளி வீடு எங்கே என்று தெரிந்தால் முதலில் அடுப்பில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஆபரேஷனுக்குக் காத்துக்கொண்டு, சாமி பெயரைச் சொல்லி வயிற்றைக் காயப்போட்டுக் கிடக்கலாம். நீங்களும் சேர்ந்து பட்டினி கிடக்காதீர்கள். அவளிடம் போங்கள். நல்ல வார்த்தை வரவில்லையென்றால் திட்டுங்கள், கேட்டுக்கொள்வாள். வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள். கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போங்கள்.