சாலைக்கு மேலே ஒரு கயிறு

வினோத்குமார் வயர்மேன். மழைக்காலம் வருவதற்கு முன்னால் மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுவது அவர் வேலை. பதினெட்டு வருடமாக ஏணி மேல் நின்றே பாண்டிச்சேரியைப் பார்த்தவர்.

"மேலேர்ந்து பாத்தா ஊரு பூரா சிமெண்டு சார். நடுநடுவுல திட்டுத்திட்டா மரம் கெடக்கு. ஒரு அணிலு கூட ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் போவ வழியே இல்ல" என்பார்.

எனக்கு எரிச்சலாக வரும். ஃபெஞ்சல் புயலில் மூன்று நாள் இருட்டில் கிடந்தவனிடம் போய் மரத்துக்கு மரம் வழி கேட்டால்?

தட்டாஞ்சாவடியில் எங்கள் தெருவின் ஒரு பக்கம் மூடிக்கிடக்கும் தொழிற்சாலை. முப்பது வருடத்தில் அதற்குள் காடே வளர்ந்துவிட்டது. எதிரே, பிரான்சுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் பூட்டிய தோட்டம். அத்தியும் நாவலும் அங்கே கேட்பாரற்றுப் பழுக்கும். தோட்டத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் ஒரே ஒரு கிளை மின்கம்பியை உரசியபடி சாலையைத் தாண்டிப் போய் தொழிற்சாலை ஆலமரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை வெட்டச் சொல்லி மனு எழுதியவன் நான்தான். வீடு வீடாக ஏறி கையெழுத்து வாங்கியவனும் நான்தான்.

வினோத்குமார் வெட்டினார். கிளை கீழே விழுந்த பிறகுதான் அதன் மேல்பக்கம் கண்ணில் பட்டது. பட்டை முழுக்க நகக்கீறல்.

"மரநாய் போற வழிப்பா அது" என்றார் தொழிற்சாலைக் காவலாளி பக்கிரி. "எங்க ஷெட்டுக் கூரையில குட்டி போட்டிருக்கு. அந்தக் கெளை மேலதான் அத்திப்பழம் திங்கப் போயிட்டு வரும்."

வினோத்குமார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏணியிலயே நின்னு வெட்டிட்டேன் சார். மேல ஏறிப் பாத்துட்டு வெட்டியிருக்கணும்."

இனி அது லாரி ஓடும் சாலையில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

மறுநாள் வினோத்குமார் தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து பழைய படகுக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார். லைனை நிறுத்திவிட்டு, கம்பிக்கு மேலே, இரண்டு மரங்களுக்கும் நடுவில் இழுத்துக் கட்டினார். யாரிடமும் கேட்கவில்லை. தெரிந்தால் வேலை போகும்.

அன்றோடு மனிதருக்கு நிம்மதி போயிற்று. காலையில் டூட்டிக்குப் போகும் முன் வந்து முதலில் சாலையைப் பார்ப்பார், ஏதாவது நசுங்கிக் கிடக்கிறதா என்று. பிறகு கயிற்றைப் பார்ப்பார்.

"அறுந்து கம்பி மேல வுழுந்து தொங்கறப்போ, நனைஞ்ச கயித்த ரோட்டுல யாராவது மிதிச்சிட்டா சார்?"

அவர் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பக்கம் நடந்தால் கையைப் பிடித்து வேகமாகத் தாண்டவைப்பேன். மரநாய் அதில் நடக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் இத்தனை பயமும் எதற்கு என்று கோபமும் வரும்.

பத்தாம் நாள் புயல் எச்சரிக்கை வந்தது. மத்தியானமே காற்று கிளம்பிவிட்டது. வினோத்குமார் ஏணியோடு வந்தார்.

"அவுத்துடலாம் சார். மனுசன் உசுரு."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். லைனை நிறுத்திவிட்டு ஏறியவர், மேலே போய் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னப்பா ஆச்சு?"

கயிற்றின் பிரியிலிருந்து எதையோ பிடுங்கி, உள்ளங்கையைக் கீழே நீட்டிக் காட்டினார். சாம்பல் நிற மயிர். தோட்டத்துப் பக்க முடிச்சருகே அத்தி விதையாக எச்சம் கிடக்கிறதாம், இன்னும் காயவில்லையாம்.

"வருது சார். நேத்திக்கும் வந்திருக்கு."

"விட்டுடுப்பா" என்று நான் கத்தினேன். மனு எழுதிய நான்தான். "இருந்துட்டுப் போவட்டும்."

அவர் கேட்கவில்லை. கத்தியை எடுத்தார். இரண்டு முனையும் அறுபட்டுக் கயிறு சாலையில் விழுந்தது. அதன் மேலேயே ஒரு பள்ளி வேன் ஏறிப் போனது.

இறங்கி வந்தவரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "மழ வுட்டதும் மறுபடியும் கட்டிக்கலாம்" என்றேன்.

"அதுவரைக்கும் அது சாப்புடாம இருக்குமா சார்?"