ஓரத்தில் வைத்த எடைக்கல்

தராசு பழுதுபார்க்கும் பெரியவர் லேசில் யாரையும் நம்ப மாட்டார். எந்தத் தராசு வந்தாலும் எடைக்கல்லைத் தட்டின் நடுவில் வைக்காமல் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பார்ப்பார். நடுவில் எல்லாத் தராசும் யோக்கியம்தான் என்பார்.

முப்பது வருடம் சேர்ந்து நடத்திய கடையைத் தம்பி பெயர்ப்பலகையோடு அமுக்கிக்கொண்டான். அண்ணன் தொழிலையே விட்டுவிட்டார் என்று வாடிக்கையாளர்களிடம் கதையும் கட்டினான். அந்தப் பொய்யை உடைக்கத்தான் பெரியவருக்கு ஒரு வலைத்தளம் வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார அவருக்கு என்ன தலையெழுத்தா?

மகளைக் கட்டியவன், வலைத்தளத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் மலிவான ஹோஸ்டிங் திட்டங்களைத் திரையில் காட்டினான்.

"இதைப் பாருங்க மாமா. வரம்பே இல்லாத இடம், விலையும் கம்மி."

"லாரி எடை போடுற மேடைக்கே இவ்வளவுதான் தாங்கும்னு தகட்டுல அடிச்சிருக்கும். வரம்பில்லையாம்! யார் காதுல பூ சுத்துறான்?"

மாப்பிள்ளையை 'டா' போட முடியாத எரிச்சல் வேறு. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். இரண்டாம் வருடம் மூன்று மடங்கு விலை. அந்தக் கம்பெனிக்கே போன் போட்டார்.

"நாளைக்கு நான் வேற இடம் போனா, என் பக்கத்தையெல்லாம் எடுத்துட்டுப் போகலாமா?"

எதிர்முனையில் மென்று விழுங்கினார்கள். அடுத்தது ஒரு சின்னக் கம்பெனி. போனை எடுத்த பெண் பட்டென்று சொன்னாள்: "தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஆனா இடம் கொஞ்சம்தான், வீடியோ தாங்காது. அடுத்த வருஷமும் இதே விலைதான்."

ஓரம் சரியாக இருந்தது. பெரியவர் தலையாட்டினார்.

அப்போதுதான் மாப்பிள்ளை அதுவரை மறைத்து வைத்திருந்ததைச் சொன்னான். "எதுக்கு மாமா வீண் செலவு? சின்ன மாமா தன் தளத்துலயே ஒரு பக்கம் சும்மா தர்றாராம். நான் சரின்னுட்டேன்."

"என்னைக் கேட்டீங்களா? அவன் பேருக்குக் கீழே நான் ஒண்டிக்கிடக்கணுமா?"

வீடே அதிர்ந்தது. மாப்பிள்ளை பயந்துபோய்த் தம்பிக்கே போன் போட்டு அவர் கையில் கொடுத்தான்.

"அண்ணே, ஒரு ஓரமா இருந்துட்டுப் போயேன். நானா பிடுங்கப் போறேன்?"

"நடுவுல வெச்சவரைக்கும் நீயும் சரியாத்தான்டா காட்டினே. ஓரத்துக்கு வந்தப்பதான் உன் லட்சணம் தெரிஞ்சுது. போனை வை."

சின்னக் கம்பெனியின் திட்டத்தையே வாங்கினார். முதல் பக்கத்தில் என்ன போடுவது என்று மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டான். பெரியவர் அவனை நகரச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் தட்டினார்:

"நான் தொழிலை விடவில்லை."