ஆறில்லாத அக்கரை

பேய், பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். மண்ணைப் படித்தவன், மண்ணுக்குக் கீழே மண்தான் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். இதைக் கேட்டு நீங்களும் சிரிப்பீர்கள். பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சைப் பக்கம் கூலிப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். கீழ்வேளூருக்குக் கிழக்கே ஒரு தெருக்காரர்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள் என்று, மிராசுதார் தன் கிணற்றடிக்கே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர்கள் தோண்டிய இடமெல்லாம் உப்பு. சர்க்கார் ஒரே ஒரு ஆழ்குழாய்க் கிணறு கொடுத்தது, இடம் பார்க்க என்னை அனுப்பினார்கள். அதுவும் உப்பாகிப்போனால் அந்த ஜனங்கள் மிராசுதார் காலில் விழுந்து பழைய கூலிக்கே வயலில் இறங்க வேண்டியதுதான்.

என் கையில் இருந்தது ஒரு நிலவியல் வரைபடம். மலைநாட்டுப் படங்களில் பாறைக்கு ஒரு நிறம் இருக்கும். எங்கள் டெல்டா படத்தில் முழுக்க ஒரே வெளிர்மஞ்சள், எல்லாம் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். அதற்குள் புள்ளி புள்ளியாக ஒரு பட்டை ஓடும். புள்ளி என்றால் மணல், எப்போதோ ஆறு ஓடி, தடம் மாறி, புதைந்துபோன படுகை. அதில் இறங்கினால் நல்ல தண்ணீர், கொஞ்சம் தள்ளிப்போனால் உப்பு. வம்பு என்னவென்றால், படத்தில் ஒரு பென்சில் கோடு தரையில் ஒரு வயல் அகலம். மணல் எங்கே தொடங்குகிறது என்று நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

அந்தத் தெருவில் அஞ்சலை என்று ஒரு பெண், "அக்கரையில போய்ப் பாருங்க சார், அங்கதான் புறம்போக்கு கெடக்கு" என்றாள்.

"ஆறே இல்லையேம்மா, அப்புறம் என்ன அக்கரை?"

"ஆறு ஏது சார்? நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

தனியாகத்தான் போனேன். முகாம் வாழ்க்கையில் பேச்சுத் துணை கிடையாது, நாள் முழுக்கப் படத்தோடுதான் பேச்சு. உச்சிவெயில், தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எதிரே ஒருத்தி இடுப்பில் துணிமூட்டையோடு வந்தாள். பேச ஒரு ஆள் கிடைத்ததே என்று எனக்கு அத்தனை சந்தோஷம். ஓரிடத்தில் நின்று புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். காலால் துழாவித் துழாவி வந்தாள், பாதி வழியில் மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள், நம்பினால் நம்புங்கள், அந்தக் காய்ந்த பொட்டலில். கரையேறுகிறவள் மாதிரி என் பக்கம் ஏறிப் புடவையை இறக்கிவிட்டு, "நடுவுல இழுக்குது, தனியா எறங்காதீங்க" என்றாள்.

படத்தைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தேன், ஆளைக் காணோம். மறைந்துகொள்ள ஒரு மரம்கூட அங்கே இல்லை. பயத்தில் அழுகை வந்துவிட்டது எனக்கு. ஆனாலும் அவள் மூட்டையைத் தலைக்கு ஏற்றிய இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் திரும்பினேன். ஆபீசில் காரணம் கேட்டபோது வரைபடம் என்று சொன்னேன்.

அங்கேயே குழாய் இறங்கியது, தண்ணீர் கற்கண்டு. தெருவே கூடி நின்று குடித்தது. இனி மிராசுதார் வாசலுக்குப் போக வேண்டாம் என்று சிலர் அழுதார்கள். அஞ்சலை உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டுக் கையை மோந்து பார்த்தாள்.

"மஞ்ச வாசம் அடிக்குது சார். மேல்துறையில யாரோ குளிக்கிறாங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நீட்டிய சொம்பிலும் அந்த வாசம் இருந்தது, அப்போதுதான் அரைத்த பச்சை மஞ்சள். தண்ணீர் வந்தது நூறடிக்குக் கீழே இருந்து.