ஒரு தாள், மூன்று கிளிப்புகள்

ஒரு செய்தியை ஒருவரிடம் சேர்த்தால் நன்றி கிடைக்கும். அதே செய்தியைப் பத்துப் பேரிடம் சேர்த்தால் ஏச்சுத்தான் கிடைக்கும் என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம்.

குழு அரட்டைக்குச் சேர்வர் மென்பொருள் எழுதும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஒருவர் எழுதுவது குழுவில் எல்லாருக்கும் போகவேண்டும். சிலர் இணைப்பில் இருப்பார்கள், சிலர் இருக்கமாட்டார்கள். வராதவருக்காக எத்தனை பிரதி வைப்பது, எவ்வளவு காலம் வைப்பது, எப்போது அழிப்பது என்று நாம் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறோம். நான் இதற்காக முதன்முதலில் மண்டையைப் பிய்த்துக்கொண்டது எண்பதுகளின் நடுப்பகுதியில், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு தட்டச்சுப் பள்ளியில். கணினியை நான் அப்போது கண்ணாலும் கண்டதில்லை.

பள்ளி நடராசா அண்ணையுடையது. நான் அங்கே தட்டச்சுச் சொல்லிக்கொடுத்தேன், தொலைபேசியையும் எடுத்தேன். வீட்டில் தொலைபேசி இல்லாத சனம், வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கிற தங்கள் ஆட்களுக்கு எங்கள் இலக்கத்தைக் கொடுத்திருந்தது. அழைப்பு வந்தால் செய்தியை எழுதி வைப்பேன். பட்டணத்துக்கு வருகிறவர்கள் பஸ்ஸால் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆளுக்கொரு பிரதி

ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு பெடியன், தன் சொந்தக்காரர் ஐந்து வீட்டுக்கும் ஒரே செய்தி சொன்னான். சுகமாக வந்துவிட்டேன், குளிர்தான் கூட, எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும். நான்தான் தட்டச்சு ரீச்சராயிற்றே! ஐந்து தாளுக்கு இடையில் கார்பன் வைத்து ஒரே அடியாக அடித்துத் தள்ளினேன். வேலை இவ்வளவு சுலபமா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

கார்பன் தாளின் குணம் உங்களுக்குத் தெரியும். முதலாவது தாள் பளிச்சென்று இருக்கும், ஐந்தாவதில் எழுத்தின் நிழல்தான் விழும். ஐந்தாவது தாள் போனது பெடியனின் சித்தி வீட்டுக்கு. கடைசி வரி அவவுக்கு வாசிக்கவே முடியவில்லை. அடுத்த கிழமை ஒரு கலியாண வீட்டில் ஐந்து குடும்பமும் தாள்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் சித்தி அந்தத் தாளை என் மேசையில் வைத்துச் சொன்னா: "மற்ற நாலு வீட்டையும் கறுப்பாக் கேட்டிருக்கிறான், எங்களை மட்டும் மங்கலாக் கேட்டிருக்கிறான்!"

கம்பியும் கிளிப்பும்

பிரதி எடுக்கிற வேலையை அன்றோடு விட்டேன். சுவரின் குறுக்கே ஒரு கம்பி கட்டினேன். ஒரு செய்திக்கு ஒரு தாள்தான். அதை மடித்துக் கம்பியில் போட்டு, பெறவேண்டியவர் ஒவ்வொருவருக்கும் உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப் ஒன்றைப் பேரெழுதிக் குத்தினேன். வருகிறவர் வாசித்துவிட்டுத் தன் கிளிப்பைக் கழற்றிப் பெட்டியில் போடவேண்டும். கடைசிக் கிளிப் போனதும் தாளைக் கிழிக்கலாம். கார்பனும் மிச்சம், கடதாசியும் மிச்சம் என்று நடராசா அண்ணைக்கும் சந்தோசம்.

முதல் ஓட்டை ஒரு மாதத்துக்குள் தெரிந்தது. கொழும்பிலிருந்து ஒரு தம்பி, தன் அக்காமார் இருவருக்கும் செய்தி சொல்லியிருந்தான்: வெள்ளிக்கிழமை வாறன், சாப்பாடு சின்னக்கா வீட்டில். பெரியக்கா வந்து வாசித்தா. தன் கிளிப்போடு தங்கச்சியின் கிளிப்பையும் கழற்றி, "நான் போய்ச் சொல்லுறன்" என்றா. நானும் தாளைக் கிழித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தம்பி வந்து இறங்கியபோது சின்னக்கா வீட்டுப் படலை பூட்டிக் கிடந்தது. அவ குடும்பத்தோடு கீரிமலைக்குக் குளிக்கப் போயிருந்தா. பெடியன் சூட்கேசின் மேல் பின்னேரம் வரை குந்தியிருந்தானாம். ஏன் சொல்லவில்லை என்று பெரியக்காவைக் கேட்டேன். அவ கண்ணும் வெட்டாமல் கேட்டா: "அவளின்ரை வேலி அரை முழம் என்ரை காணிக்குள்ளை வந்தப்போ அவள் எனக்குச் சொன்னவளோ, நான் இதைச் சொல்ல?"

அன்றைக்கே சட்டம் போட்டேன். அவரவர் கிளிப்பை அவரவர் கைதான் கழற்றவேண்டும். தாயென்றாலும் சரி, தாலி கட்டியவன் என்றாலும் சரி.

நிறைந்த கம்பி

இந்தச் சட்டத்தால் வேறொரு வினை வந்தது. வராதவர்களின் கிளிப்புகள் தேங்கின. கம்பியில் இடமில்லை, பெட்டியில் கிளிப்பும் இல்லை. பழையதையெல்லாம் கிழித்து எறி என்றார் நடராசா அண்ணை. மாட்டேன் என்றேன். வாங்காதவருக்கு அது பழைய செய்தியில்லை, இன்னும் வராத செய்தி என்று வாதாடினேன். மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை மனுசன்.

ஆகப் பழைய கிளிப் ஒரு கோப்பாய் வாத்தியாருடையது. அந்தத் தாளை மற்ற எல்லாரும் வாசித்து முடித்திருந்தார்கள். நானும் கோப்பாய்தான், இரண்டு தரம் சைக்கிளில் போய்ப் பார்த்தேன், ஆள் வீட்டில் இல்லை. கடைசியில் அந்தப் பக்கம் ஓடும் பஸ்ஸின் கொண்டக்டரிடம் சொன்னேன். அவர் ஒவ்வொரு தரிப்பிலும் வாத்தியாரின் பேரைச் சொல்லி, அவசரச் செய்தி வந்திருக்கிறது என்று கத்தியிருக்கிறார். வாத்தியார் விழுந்தடித்து ஓடிவந்தார். வாசித்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "செத்தவீடாக்கும் எண்டு மனிசி குளறத் தொடங்கிட்டாள். மச்சான்ரை மகள் பெரியபிள்ளையானதுக்கோ இந்தப் பாடு? அந்தப் பிள்ளை இப்ப பள்ளிக்கூடமும் போகுது!"

பிலோமினாவின் கிளிப்

இனிச் சொல்லப்போவதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. குருநகர் அந்தோனி கடலுக்குப் போய், இயந்திரம் பழுதாகி, இராமேஸ்வரப் பக்கம் ஒதுங்கியிருந்தார். அங்கிருந்து தொலைபேசி எடுத்தார். தாய் மரியம்மா, தமையன், மனைவி பிலோமினா ஆகிய மூவருக்கும் செய்தி: உயிரோடு இருக்கிறேன். ஞாயிறு பூசை முடிய இங்கே எடுப்பேன். பிலோமினா கட்டாயம் வந்து நிற்கவேண்டும். அதற்குப் பிறகு எப்போது எடுக்கக் கிடைக்குமோ தெரியாது.

தாயும் தமையனும் வந்து அழுது, சிரித்து, தங்கள் கிளிப்புகளைக் கழற்றினார்கள். பிலோமினா வரவில்லை. விசாரித்தேன். அந்தோனியைக் காணவில்லை என்றதும், "உன்ரை வாய்தான் அவனைக் கடலுக்குத் துரத்தினது" என்று மாமியார் சொல்லியிருக்கிறா. பிலோமினா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காங்கேசன்துறைப் பக்கம் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டா. சனிக்கிழமையும் வந்தது, கிளிப் அப்படியே இருந்தது. ஒருவரும் சொல்லவில்லையா என்று மரியம்மாவைக் கேட்டேன். "உயிரோடை இருக்கிறான் எண்டு ஊருக்கே தெரியும். ஞாயிறு கதையைச் சொன்னா உவள் வந்து ரெலிபோனைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள். பெத்தவள் நான் எப்ப கதைக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளில் மிஞ்சியிருந்தது பிலோமினாவின் கிளிப் ஒன்றுதான். இன்னொருவர் வந்து தேடப்போவதில்லை. கிளிப்போடு தாளைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். நடராசா அண்ணை வாசலை மறித்தார்: "பிள்ளை, நாங்கள் ரெலிபோன்தான் வைச்சிருக்கிறம். வீடு வீடாத் தந்தி குடுக்கிற கந்தோர் நடத்தேல்லை!"

தெல்லிப்பழைக்கு அப்பால்

பஸ் தெல்லிப்பழையோடு நின்றுவிட்டது. அங்காலே பாதை மூடியிருக்கிறதாம், எப்போது திறப்பார்களோ தெரியாதாம். திரும்பிப் போவதென்றால் அதே பஸ்ஸில் ஏறலாம். நான் ஏறவில்லை. சந்தியில் சைக்கிள் திருத்துகிறவரிடம் ஒரு சைக்கிளைக் கேட்டு வாங்கி, தோட்டத்து ஒழுங்கைகளால் சுற்றி மிதித்தேன். மூன்று இடத்தில் வழி தவறினேன். ஒரு நாய் அரை மைலுக்குத் துரத்தியது. எனக்குப் பயமும் இருந்தது, கோபம் அதைவிடக் கூடவாக இருந்தது. அந்தப் பெண் வராவிட்டால் என் கம்பி எதற்கு, சட்டம் எதற்கு என்று நினைத்து நினைத்து மிதித்தேன்.

பிலோமினா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தா. ஈரக் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி வாசித்தா. திரும்பவும் வாசித்தா. பிறகு கிளிப்பைக் கழற்றி என் கையில் தந்து கேட்டா: "இதில என்ரை பேர் எழுதியிருக்கு. அப்ப அவர் என்ரை பேரைச் சொன்னவர்தான், என்ன?"

ஞாயிறு

மரியம்மா வெள்ளனவே வந்து தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடித்துவிட்டா. பிலோமினா பிள்ளையோடு வாசலில் நின்றா. ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மணி அடித்ததும் மரியம்மா பாய்ந்து எடுத்தா. சாப்பிட்டியோ, இருமல் எப்படி, ஆர் சமைக்கிறது என்று கேள்விக்கு மேல் கேள்வி. திடீரென்று அவவின் முகம் மாறியது. "நிக்கிறாள், நிக்கிறாள்" என்று ரிசீவரை நீட்டினா. பிலோமினா வாங்கி, "ஓம், நான்தான்" என்றா. அவ்வளவுதான். இணைப்பு அறுந்துவிட்டது.

இருவரும் பின்னேரம் வரை இருந்து பார்த்தார்கள். மணி அடிக்கவேயில்லை. மரியம்மா ரிசீவரில் வைத்த கையை எடுக்கவில்லை. முழு நேரத்தையும் தானே தின்றுவிட்டது அவவுக்கு விளங்கிவிட்டது. கடைசியில் எழுந்து, மருமகளின் இடுப்பிலிருந்த பேரனை வாங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னா: "பிள்ளைக்குப் பசிக்கும். வா, வீட்டை போவம்."

திரும்பிப் போன செய்தி

சில நாள் கழித்துப் பிலோமினா தனியாக வந்தா. அவர் எடுத்தால் சொல்லும்படி ஒரு செய்தி தந்தா. அந்தோனி என்று ஒரு கிளிப்பில் எழுதிக் கம்பியில் குத்தினேன். அதற்குப் பிறகு தொலைபேசி மாதக்கணக்கில் செத்துக் கிடந்தது. எடுத்தால் சொல்லச் சொல்லிச் சனம் தந்த செய்திகளால் கம்பி மறுபடி நிறைந்தது. நடராசா அண்ணை அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார், ஆனால் கை வைக்கவில்லை.

தொலைபேசிக்கு உயிர் வந்த கிழமையே அந்தோனி எடுத்தார். வாசித்தேன்: "நானும் பிள்ளையும் மாமியோடை இருக்கிறம். ஒரே குசினியிலைதான் சமையல். கெதியா வாங்கோ." அவர் கை எட்டாத தூரத்தில் இருந்ததால் அவருடைய கிளிப்பை நானே கழற்றினேன், என் சட்டத்தை நான் மீறியது அந்த ஒரு தரம்தான். இணைப்புப் போய்விட்டதோ என்று பயந்து "ஹலோ" என்றேன். அந்தோனி மெல்லக் கேட்டார்: "ஒரே குசினியோ? தங்கச்சி, வேறை ஆரின்ரையோ செய்தியை எனக்கு வாசிக்கிறியள் போலை!"

சேர்வர் எழுதும் சக பாவிகளே, இத்தனை வருசத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: ஒரு பிரதி போதும், கடைசி ஆள் வாங்கும்வரை அதை அழிக்காதீர்கள், ஆள் வரவே மாட்டார் போலிருந்தால் சைக்கிளை எடுங்கள்.