ஒன்றுக்கும் உதவாத என்னை

எல்.கே.ஜி. படிக்கும் மகளின் டைரியில் ‘பெற்றோர் நேரில் வரவும்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரையாவது கடித்துவிட்டாளா, நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லையா என்று என்னென்னவோ ஓடியது. மறுநாள் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு இராஜபாளையத்தில் அவள் படிக்கும் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

மிஸ் என்னைப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீக. வீட்ல பிள்ளைய ரொம்ப வைவீகளோ?”

“இல்லையே மிஸ். ஏன்?”

“‘நான் யார்’னு ஒவ்வொரு பிள்ளையா எந்திரிச்சுத் தன்னப் பத்திச் சொல்லச் சொன்னேன். ஒருத்தன் போலீசுன்னான், ஒருத்தி ராணின்னா. ஒங்க மக கையக் கட்டிக்கிட்டு, ‘நான் ஒன்றுக்கும் உதவாதவள்’ங்கிறா. அதுவும் சுத்தத் தமிழ்ல. வையிறவுக யாரு இப்படி வைவாக? அதான் வரச் சொன்னேன்.”

அது யாருடைய வசவும் இல்லை, என்னுடைய ஜெபம்.

தினமும் சாயங்காலம் பாய் விரித்து நாங்கள் மூவரும் ஜெபிக்கும்போது, ‘ஒன்றுக்கும் உதவாத என்னை இந்நாள்வரை நடத்தி வந்த தகப்பனே’ என்றுதான் தொடங்குவேன். சிறுமியாக ஸ்ரீவில்லிபுத்தூரில், பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அம்மாவின் பக்கத்தில் முழங்காலிட்டுக் கற்றுக்கொண்டது. அங்கே எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். அவர்களுக்கு அது வாய்ப்பழக்கமாக இருந்திருக்கலாம். நான் அதை நம்பிவிட்டேன். குழம்பில் உப்புக் கூடினாலும், பிள்ளைக்குச் சளி பிடித்தாலும், நான் தட்டச்சு செய்த கடிதம் திருத்தத்துக்குத் திரும்பி வந்தாலும் அந்த வார்த்தைதான் முதலில் வந்து நிற்கும். அதைத் தாழ்மை என்று நினைத்திருந்தேன். அந்த வார்த்தையைப் பொய்யாக்கத்தான் விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் உதவி உதவி ஓய்ந்துபோகிறேன் என்பது அந்தக் குட்டி நாற்காலியில் உட்காரும்வரை உறைக்கவில்லை.

மில்லிலிருந்து வந்த கணவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“பிள்ள ஜெபத்தக் கவனிக்குதுன்னு சந்தோசப்படுவியா, அதப் போயி...”

“சிரிக்காதீங்க. அவ அத நம்பிட்டா என்ன செய்ய?”

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “நீ சொல்றப்ப எனக்கும் கேக்க நல்லாருக்காது. பொம்பளைக ஜெபம் அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்.”

அன்றும் முழங்காலிட்டோம். வாயைத் திறந்தால் வேறு தொடக்கம் வரவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து மகள் எடுத்துக்கொடுத்தாள்.

“ஒன்றுக்கும் உதவாத...”

“அது வேண்டாம்மா. ‘உம்முடைய பிள்ளையாகிய என்னை’ன்னு சொல்லுவோம்.”

சொன்னதும் பெருமை பேசிவிட்டேனோ என்று தோன்றியது. வேதத்தில் நம்மைப் பிள்ளைகள் என்றுதான் எழுதியிருக்கிறது. எத்தனையோ முறை அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறேன். என்னைச் சேர்த்துப் படித்ததில்லை.

மகள் கண்ணைத் திறந்தாள். “அப்ப நான் ஒதவுவேனா?”

ஆமாம் என்று சொல்ல வந்தேன். சொன்னால் நாளைக்கே அவளும் அதை நிரூபிக்க ஓடத் தொடங்கிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

“ஒதவுனாலும் ஒதவாட்டியும் நீ ஆண்டவரு பிள்ளதான்.”

“நீயி?”

கணவரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தால் அவள் அதையும் கற்றுக்கொள்வாள்.

“நானுந்தான்.”

குரல் அவ்வளவு உறுதியாக வரவில்லை. அவளுக்காகச் சொன்னேனா, உண்மையென்று சொன்னேனா, இப்போதும் தெரியவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது. திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“சரி, சீக்கிரம் ஜெபம் பண்ணும்மா. பசிக்குது.”