பலெர்மோவில் தெரிவான ஐவர்

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தைத்தான் கல்லூரி என்போம். யாழ்ப்பாணத்தில் ஒரே கல்லூரியில் கூடைப்பந்து விளையாடிய மூன்று பேர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலியில் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு வேலைக்கு வந்து சேர்ந்திருந்தோம். வியாழக்கிழமை பின்னேரம் எங்களுக்கு லீவு. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்கு முன்னால், பஸ்கள் நிற்கும் இடத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்துவிடுவோம்.

தை மாதம் ஊரில் கல்லூரிப் போட்டிகள் தொடங்கும். சண்டைக்குள் நடக்குமோ நடக்காதோ, அது வேறு கதை. நாங்கள் ஐப்பசியிலேயே எங்கள் கல்லூரிக்குச் சிறந்த ஐந்து பேரைத் தெரிவுசெய்துவிடுவோம். அந்தப் பெடியன்களில் ஒருவன்கூட விளையாடி நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவர்கள் மூக்கொழுகத் திரிந்த வயது. பிறகு எதை வைத்துத் தெரிவுசெய்தோம் என்றால், தமையன்மாரை வைத்துத்தான். தமையன் உயரமென்றால் தம்பியும் உயரம், நடுவில் நிறுத்தலாம். தமையன் பந்தை ஒருவருக்கும் கொடுக்காதவன் என்றால் தம்பிக்கும் அதே குணம்தான் இருக்கும், வேண்டாம். இந்த மடத்தனத்தை மூன்று வளர்ந்த ஆண்கள் தொண்டை கிழியச் செய்தோம். சிசிலிக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள் என்றால் எங்கள் சத்தத்தை யோசித்துப் பாருங்கள்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் நான் என் தம்பிக்காக வாதாடினேன்.

"அவன் வளந்திட்டான் எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார் பிரான்காச்சோவில் மாடிப்படி துடைக்கிற அண்ணை. எங்களில் அவர்தான் மூத்தவர்.

"ஏன், என்னைப் பாக்கத் தெரியேல்லையோ?"

"உன்னைப் பாத்துத்தான் கேக்கிறன்."

சியாகுல்லித் தோட்டத்தில் வேலைசெய்த மற்றவன் விழுந்து விழுந்து சிரித்தான். கடைசியில் என் கரைச்சல் தாங்காமல் தம்பியை நடுவில் போட்டார்கள். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். அடுத்த நாள், நான் வேலைசெய்த வீட்டின் எசமானி சிக்னோரா சொல்லாமலே அவருடைய வீட்டு ஜன்னல்களையெல்லாம் துடைத்தேன்.

அந்த மாதம் முடிவதற்குள் யாழ்ப்பாணம் வெறுமையாகிவிட்டது. அரசாங்கத்தின் ஆமி வருகிறதென்று ஊர் முழுவதும் வீடுகளை விட்டுவிட்டு வெளிக்கிட்டது. சிக்னோராவின் தொலைக்காட்சியில் கொஞ்ச நேரம் காட்டினார்கள், தலையில் மூட்டைகளோடு சனம். பிறகு உதைபந்துச் செய்தி வந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான் அம்மாவைத் தேடினேன். தம்பியையும் தேடினேன். ஆனால் அவனுடைய முகம் இப்போது எப்படி இருக்குமென்றே எனக்குத் தெரியாது. அதை நினைத்து எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

வியாழக்கிழமைகளில் தொடர்ந்து கூடினோம். பந்துக் கதையை யாரும் எடுக்கவில்லை. எங்கள் மூவருக்கும் ஊரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. உயரமான பெடியனுக்குத்தான் அங்கே வில்லங்கம். ஆமிக்காரன் வயதைக் கூட்டித்தான் பார்ப்பான், ஆள்சேர்க்கிற இயக்கத்தின் கண்ணிலும் அவன்தான் முதலில் படுவான். இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி, மாதாவே, அவன் கட்டையாகவே இருக்கட்டும் என்று மன்றாடினேன். ஐந்து பேரில் ஒருவனாக அவனைப் போடச்சொல்லிச் சண்டைபிடித்ததும் நான்தான்.

அம்மா ஒருவழியாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்து, சிக்னோராவின் வீட்டுக்கு டெலிபோன் எடுத்தபோது மாசி மாதமாகிவிட்டது. சமையலறையில் நின்ற என்னிடம் சிக்னோரா ரிசீவரை நீட்டினார்.

"அம்மா, சின்னவன் எங்கை?"

"வெளிக்கிடேக்கை எங்களோடைதான் வந்தவன். நல்லா வளந்திட்டான், உன்னைவிட உயரம். எனக்கு முன்னாலை சனத்துக்கு மேலாலை அவன்ரை தலை தெரிஞ்சுகொண்டிருந்தது. பிறகு பாத்தால் காணேல்லை."

"ஆரிட்டையும் விசாரிச்சனீங்களோ?"

"எல்லாரிட்டையும் கேட்டாச்சு. இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறாங்களில்லை. நீ வெளிநாட்டிலை இருக்கிறாய். அங்கை ஆரிட்டையாவது கேட்டுப் பாரன்."

அந்த நகரத்தில் எனக்குத் தெரிந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். சிக்னோரா, கோயிலில் பூசை வைக்கிற சுவாமி, ஸ்தாசியோனே வாங்கில் இருக்கும் அந்த இரண்டு பேர்.

"ஓம் அம்மா, கேக்கிறன்," என்றேன்.

யாரிடம் என்று அம்மா கேட்கவில்லை.