பெரக்கரை வீட்டுப் பின்சுவர்

நானும் என் கணவரும் பதினான்கு வருடம் சேர்ந்து கட்டட வேலை செய்தோம். அவர் கொத்தனார், நான் சித்தாள். புது வீடு கட்ட எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. அதற்கு நாமக்கல்லிலிருந்து ஆட்கள் மலை ஏறி வந்துவிடுவார்கள். எங்களுக்கு வந்ததெல்லாம் பழைய வீடுகள்தான். கல்லையும் சேற்று மண்ணையும் வைத்து எப்போதோ கட்டியவை. மழைக்கு ஒரு மூலை இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கும். அதைப் பிரித்து, அதே கல்லை வைத்துத் திரும்பக் கட்டிக் கொடுப்போம்.

எங்கள் வீடு குண்டனி நாட்டில். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். அந்த வருடம் ஐப்பசிக்கு முன்னால் பெரக்கரை நாட்டில் ஒரு வீட்டு வேலை வந்தது. ஐம்பது தாண்டிய புருசன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு. மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தார்கள். வீட்டின் பின்சுவர் வெளிப்பக்கமாகத் தள்ளியிருந்தது. சில வருடங்களுக்கு முன் யாரோ அந்த மண் சுவருக்கு மேல் சிமெண்டு பூசிவிட்டுப் போயிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சுவருக்குள் இறங்கிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே இருந்த மண்ணைக் கூழாக்கிவிட்டது.

என் கணவர் கரண்டியின் பிடியால் சுவரைத் தட்டிப் பார்த்தார். டொம்மென்று கேட்டது.

"பாதிச் செவுத்தப் பிரிச்சுத்தான் கட்டோணுங்க. வேற வழி இல்லீங்க," என்றார் வீட்டுக்காரரிடம்.

முதல் இரண்டு நாள் கூரைக்கு முட்டுக் கொடுத்தோம். சில்வர் ஓக் மரங்களை வெட்டி, உள்ளே வரிசையாக நிறுத்தி, ஓட்டின் பாரத்தைச் சுவரிலிருந்து எடுத்தோம். சுவருக்கு வெளிப்பக்கம் கொடுக்க வேண்டிய முட்டுக்கு மரம் போதவில்லை. மறுநாள் மத்தியானம் கொண்டுவருவதாக வீட்டுக்காரர் சொன்னார். அதுவரை சும்மா இருக்க வேண்டாம், மேலாக ஒரு முழம் சிமெண்டை மட்டும் கொத்தி எடுத்துவிடலாம் என்று என் கணவர் சொன்னார்.

மறுநாள் காலை எங்களுக்குள் பேச்சு இல்லை. என் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகலாமா என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டார். அவ்வளவுதான். வண்டியில் பின்னால் உட்கார்ந்து பெரக்கரை வரை நான் வாய் திறக்கவில்லை. அவரும் பேசவில்லை.

பத்து மணி இருக்கும். அவர் வெளிப்பக்கம் நின்று சிமெண்டைக் கொத்திக்கொண்டிருந்தார். விழுகிற சில்லுகளை நான் பாண்டுச் சட்டியில் வாரிக்கொண்டிருந்தேன். அவர் முழங்கால் உயரத்தில் இரண்டு கல்லுக்கு நடுவிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. சல்லடையில் மாவு இறங்குகிற மாதிரி மெல்லிசாக, நிற்காமல் இறங்கியது. எனக்கு அது என்னவென்று தெரியும். வேறு நாளாக இருந்தால், "ஏனுங்க, இங்க பாருங்க" என்று சொல்லியிருப்பேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அவரே பார்ப்பார் என்று நினைத்தேனா, அவரிடம் முதலில் நான் பேசக் கூடாது என்று நினைத்தேனா, இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. பாண்டைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டுப்பக்கம் கொட்டப் போனேன்.

பின்னால் நெல் மூட்டை இறக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை.

அவர் மார்பு வரைக்கும் கல்லுக்குள் இருந்தார். வீட்டுக்காரரும் அவர் பெண்டாட்டியும் நானும் கல்லை எடுத்துப் போட்டோம். ஆம்புலன்ஸ் வர நேரமானது. மலையிறங்கும்போது நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் போட்ட பலகை உண்டு. கண்ணாடி வழியாக அதைப் படித்துக்கொண்டே வந்தேன். அறுபத்தெட்டு, அறுபத்தேழு, அறுபத்தாறு. முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸில் கூட வந்த ஆள் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் புரிந்தது. ஆனாலும் முப்பது, இருபத்தொன்பது என்று படித்துக்கொண்டேதான் இருந்தேன். ஒன்று வரைக்கும் விடவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். வருகிற பெண்கள் எல்லாரும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் யாருடையதோ மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. "அதிர்ச்சியில இருக்கறா, வுட்டுருங்க" என்று யாரோ சொன்னார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காரியம் எல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு வீட்டில் நானும் என் மாமியாரும்தான்.

இருபது நாள் கழித்து அந்தப் பெரக்கரை வீட்டு அக்கா வந்தார். ஒரு சாக்கில் என் கணவருடைய கரண்டி, கடப்பாரை, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சாக்கை வாசலில் வைத்துவிட்டு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"செவுரு என்ன ஆச்சுங்கக்கா?" என்று கேட்டேன்.

"அப்படியேதான் கெடக்குது கண்ணு."

"வேற ஆளு வரலீங்களா?"

"மூணு பேரு வந்து பாத்தாங்க. ஆளு மேல உழுந்த செவுருன்னு கேட்டதும் போயிட்டாங்க. தார்ப்பாயக் கட்டித் தொங்க வுட்டிருக்கறோம்." சொல்லிவிட்டு உடனே, "நான் அதுக்கு வரல கண்ணு. சாமானக் குடுத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்," என்றார்.

வெளியே மழை பிடிக்கிற மாதிரி இருந்தது.

"நாளைக்கு நான் வாரேங்கக்கா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் மாமியாரைப் பார்த்தார். என் மாமியார் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகனுடைய சாமான். அதிலிருந்து கண்ணை எடுக்காமல், "போறதுன்னா போ சாமி. ஊட்டுல உக்காந்து என்ன பண்ணப் போறே," என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். தைரியம் என்றார்கள் சிலர், நெஞ்சழுத்தம் என்றார்கள் சிலர். இரண்டும் இல்லை. வீட்டில் யார் வந்தாலும் நான் அழ வேண்டும் என்று காத்திருந்தார்கள். அது என்னால் முடியவில்லை. கல்லு தூக்க முடியும் என்று தெரிந்தது.

மறுநாள் போனபோது இடிந்த கல்லெல்லாம் ஒரு பக்கம் குவிந்திருந்தது. தனியாக ஒரு மூலையில் பத்துப் பதினைந்து கல்லை அடுக்கி, மேலே பழைய சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். நான் சாக்கை விலக்கினேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"அது வேண்டாங்கம்மா. அவரு மேல கெடந்த கல்லுங்க அது. வேற கல்லு டிராக்டர்ல ஏத்தியாந்து தாரனுங்க."

குனிந்து பார்த்தேன். மழை நன்றாகக் கழுவியிருந்தது. கறை ஒன்றும் தெரியவில்லை. அதில் நான்கு நீளக் கல் இருந்தன. சுவரின் உள் முகத்தையும் வெளி முகத்தையும் சேர்த்துப் பிடிக்க அந்த மாதிரி நீளக் கல்தான் வேண்டும். பழைய சுவரில் அவற்றைக் குறுக்கே போடாமல் நெடுக்கே போட்டிருந்தார்கள். அதனால்தான் இரண்டு முகமும் பிரிந்து நடுவில் வெறும் சேறாகிக் கிடந்தது.

"நல்ல கல்லுங்க. இது மாதிரி கெடைக்காது," என்றேன். அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

முதலில் வெளிமுட்டுக் கொடுத்தேன். மிச்சமிருந்த சுவரை ஒவ்வொரு முழத்துக்கும் தட்டிப் பார்த்தேன். சந்தேகப்பட்டதையெல்லாம் மேலிருந்து கீழாகக் கையாலேயே பிரித்து இறக்கினேன். அடிமண்ணைத் தோண்டி, கெட்டித் தரை வருகிற வரைக்கும் இறங்கி, அங்கிருந்து கட்டத் தொடங்கினேன். அந்த அக்கா எனக்குச் சித்தாளாக நின்றார். மண்ணை மிதித்துக் குழைத்தார், பாண்டில் கொண்டுவந்து தந்தார். எந்தக் கல்லு எந்த இடத்துக்கு என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பதினான்கு வருடம் என் கணவருக்குக் கல்லு எடுத்துக் கொடுத்தவள் நான். அடுத்து எது வேண்டும் என்று அவர் கேட்பதற்குள் கையில் வைத்திருப்பேன். இப்போது நானே எடுத்து நானே வைத்தேன். சுவர் நேராக ஏறுகிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு விடுவதுதான் முதல் நாள் சரியாக வரவில்லை. நூல் ஆடிக்கொண்டே இருந்தது. நூலை ஆணியில் கட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஏழாம் நாள் சுவர் என் தலைக்கு மேல் வந்திருந்தது. மத்தியானம் மழை தூறியது. நானும் அக்காவும் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"அன்னிக்கு மண்ணு கொட்டறத நான் பாத்தேங்கக்கா. கல்லுச் சந்துல இருந்து. அவரு கிட்டச் சொல்லல."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானும் பாத்தேன் கண்ணு," என்றார்.

முதலில் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன்.

"அங்க உக்காந்து கெழங்கு உரிச்சுட்டு இருந்தேன். மண்ணு கொட்டிட்டே இருந்துச்சு. வேல தெரிஞ்சவங்க இருக்கறாங்க, நாம என்ன சொல்றதுன்னு இருந்துட்டேன். அவருக்குக்கூட இன்னும் சொல்லல."

அவர் என்று சொன்னது தன் புருசனை. அக்கா என்னைத் தேற்றவில்லை, நானும் அவரைத் தேற்றவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வந்ததா என்று பார்த்தேன். வரவில்லை. பாரம் குறைந்ததா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. மழை நின்றதும் அவர் எழுந்து மண்ணை மிதிக்கப் போனார். நான் சாரத்தில் ஏறினேன்.

பத்தாம் நாள் உத்திரத்தைச் சுவர் மேல் உட்கார வைத்து, உள்முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தோம். கடைசி மரத்தை எடுக்கும்போது வீட்டுக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே எடுத்தேன். கூரையிலிருந்து ஒரு ஓடு லேசாகக் கிரீச்சிட்டது. அவ்வளவுதான். சுவருக்குச் சிமெண்டு பூச வேண்டாம், சுண்ணாம்பும் மண்ணும் போதும் என்று சொல்லி, பூசியும் கொடுத்தேன். கிளம்பும்போது அக்கா ஒரு சாக்கில் மரவள்ளிக் கிழங்கு கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தேன். என் மாமியார் எழுப்பவில்லை.

அந்தச் சுவர் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. நிற்கிறது.

அந்த வருடம் தை மாதம் குண்டனி நாட்டிலேயே ஒரு வீட்டில் அடுப்படிச் சுவரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அதற்கு நூலும் ஒரு சின்னக் கரண்டியும் வாங்கச் செம்மேட்டு இரும்புக் கடைக்குப் போனேன். நாங்கள் எப்போதும் வாங்குகிற கடைதான். கடைக்காரர் துறையூர்ப் பக்கத்து ஆள், ஊருக்குப் போய் வெகுநாள் இருந்துவிட்டு வந்து அப்போதுதான் கடை திறந்திருந்தார். கரண்டியை எடுத்துப் போட்டுக்கொண்டே, "ஏனுங்க, கொத்தனாரு வரலீங்களா?" என்று கேட்டார்.

அதுவரைக்கும் அந்தச் செய்தியை நான் யாருக்கும் சொன்னதில்லை. எல்லாருக்கும் வேறு யாராவது சொல்லியிருந்தார்கள். என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள்.

"இல்லீங்க," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவரு செத்துட்டாருங்க," என்றேன்.

சொல்லி முடித்ததும் கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் பதறிப்போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார், தண்ணீர் கொடுத்தார். பெயிண்டு டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். முட்டி வலித்தது. உள்ளங்கையில் கல்லு கிழித்து ஆறிய இடமெல்லாம் எரிந்தது. எத்தனையோ நாளாக இருந்திருக்கும், அப்போதுதான் தெரிந்தது. கடைக்கு வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பஸ் ஒன்று போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குத்தான் எழுந்து போனேன்.